விண்டோஸ் பில் அச்சு நிரலை லினக்ஸுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மளிகைக் கடைக்காக சி++ மொழியில், விண்டோஸின் வரைதல் நூலகமான வின்32 ஜிடிஐ-யை வைத்து எழுதிய சிறிய அச்சு நிரல் உங்களிடம் இருக்கிறது. 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் பில், லேசர் பிரிண்டரில் ஏ4 இன்வாய்ஸ், பழைய டாட் மேட்ரிக்ஸில் சரக்குப் பட்டியல் என மூன்றும் அதில் வருகின்றன. பொருட்களின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, கடையின் கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை, அதனால் உபுண்டுவுக்கு மாற வேண்டும். ஒவ்வொரு வின்32 அச்சு அழைப்புக்கும் லினக்ஸில் இணையான அழைப்பு எது என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு பட்டியல் போட முடியாது, பாதி அழைப்புகளுக்கு அங்கே இணையே கிடையாது. பிரிண்டர்களின் பெயரைக் கேட்பது, வேலையை அனுப்புவது, ரத்து செய்வது ஆகியவற்றுக்கு இணை உண்டு. எழுத்தை வரைவது, கோடு போடுவது, எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றுக்கு லினக்ஸின் அச்சு அமைப்பில் ஒன்றும் இல்லை. அது குறை இல்லை. இரண்டு அமைப்புகளும் வேலையைப் பிரித்துக்கொண்ட இடமே வேறு.

விண்டோஸில் பிரிண்டரும் திரையைப் போல ஒரு வரைபரப்பு. ஸ்டார்ட்டாக், ஸ்டார்ட்பேஜ், டெக்ஸ்ட்அவுட், எண்ட்பேஜ் என்று நீங்கள் அழைத்துக்கொண்டே போகிறீர்கள். டிரைவர் தன் பிரிண்டருக்கு ஏற்றபடி அதைப் புள்ளிகளாகவோ கட்டளைகளாகவோ மாற்றிக்கொள்கிறது. யூனிக்ஸ் மரபு அப்படி வளரவில்லை. பிஎஸ்டி-யின் எல்பிஆர் ஆனாலும் சிஸ்டம் 5-இன் எல்பி ஆனாலும், முடிந்த ஒரு கோப்பை வாங்கி வரிசையில் வைத்து பிரிண்டருக்குத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. இன்று லினக்ஸில் இருக்கும் அச்சு அமைப்பான கப்ஸ் அந்த மரபில் வந்தது. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளிவந்தது. 2002-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 அதை ஏற்றுக்கொண்டது. 2007-இல் ஆப்பிள் அதன் மூலநிரலை வாங்கியது. இப்போது லினக்ஸுக்கான வளர்ச்சி ஓபன்பிரிண்டிங் குழுவிடம் இருக்கிறது. கப்ஸிடம் முழுமையான ஆவணத்தைக் கொடுக்க வேண்டும், முடிந்தவரை பிடிஎஃப் ஆக. அதற்குள் வரைந்து தரச் சொல்ல முடியாது.

அதனால் என் யோசனை: அழைப்புக்கு அழைப்பு மாற்ற வேண்டாம். நிரலை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி பக்கத்தை உருவாக்கும். அதற்குப் பிரிண்டர் என்ற ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. மறு பாதி அதை அனுப்பும். அதற்குத் தமிழ், எழுத்துரு, பத்தி எதுவும் தெரியக்கூடாது. இந்த வெட்டை விண்டோஸில் இருக்கும்போதே செய்யுங்கள். அங்கே பில் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க பழைய பதிப்பு பக்கத்திலேயே இருக்கும். லினக்ஸுக்குப் போன பிறகு வெட்டினால் தவறு உங்கள் வெட்டிலா, புதிய அமைப்பிலா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

டிரைவர் சொல்லாமல் செய்துவந்த வேலைகள்

முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மூலநிரலை வரிக்கு வரி படித்தாலும் பில் முடிந்ததும் காகிதத்தை வெட்டும் கட்டளை அதில் இருக்காது என்று நினைக்கிறேன். பணப்பெட்டியைத் திறக்கும் கட்டளையும் இருக்காது. தெர்மல் பிரிண்டரின் விண்டோஸ் டிரைவரில் பிரிண்டர் பண்புகள் பக்கத்தில் "ஆவணம் முடிந்ததும் வெட்டு", "பெட்டியைத் திற" என்று யாரோ டிக் போட்டிருப்பார்கள். கடை முழுக்க அதை நம்பித்தான் ஓடுகிறது. லினக்ஸுக்குப் போனதும் பில் வரும், வெட்டாது, பெட்டி திறக்காது. அதேபோல் லோகோவின் சாம்பல் நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் பிரிப்பது, பில் முடிந்ததும் நாலைந்து வரி காகிதத்தைத் தள்ளுவது, பக்க நீளத்தை பில்லின் நீளத்துக்கு ஏற்பச் சுருக்குவது எல்லாமே டிரைவரின் கைங்கரியம்.

ஆகவே மூலநிரலைப் படிப்பதற்கு முன்பு கடைக்குப் போய் ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டர் பண்புகளின் எல்லாத் தாவல்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரலின் உண்மையான விவரக்குறிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டளைகள் கடினமானவை அல்ல. பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்கள் எப்சனின் இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகளைப் புரிந்துகொள்கின்றன. பைட்டுகளைப் பத்தடிமான எண்ணில் தருகிறேன். 27, 64 அனுப்பினால் பிரிண்டர் ஆரம்ப நிலைக்கு வரும். 29, 86 என்று தொடங்குவது காகிதத்தை வெட்டும். 27, 112 என்று தொடங்குவது பணப்பெட்டிக்குத் துடிப்பு அனுப்பும். 29, 118, 48 என்று தொடங்குவது படத்தைப் புள்ளிகளாக அச்சிடும். பில்லின் தொடக்கத்தில் 27, 64 போடாமல் விடாதீர்கள். முந்தைய பில் பாதியில் நின்றிருந்தால் அதன் அமைப்புகள் அடுத்ததிலும் ஒட்டிக்கொள்ளும்.

தமிழை எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள்

சில பிரிண்டர் மாடல்களில் தமிழுக்கென்று குறிப்பட்டியல் உண்டு. ஆனால் அதை நம்பி நிரல் எழுதினால் அடுத்த முறை கடைக்காரர் வேறு மாடல் வாங்கும்போது எல்லாம் போச்சு. பில் முழுவதையும் உங்கள் பக்கமே படமாக வரைந்து அனுப்புவதுதான் நிலையான வழி.

விண்டோஸில் டெக்ஸ்ட்அவுட் அழைத்தால் போதும், பின்னால் யூனிஸ்கிரைப் தமிழை ஒழுங்காகக் கோத்துவிடும். "கொ" என்பது யூனிகோடில் ககரத்துக்குப் பிறகு ஒரு குறி. அச்சில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். லினக்ஸில் இந்த வேலையை ஹார்ஃபஸ் செய்கிறது. அதை நேரடியாகத் தொடத் தேவையில்லை. எழுத்தை வரிகளாக அடுக்கும் பாங்கோ, படமாக வரையும் கெய்ரோ ஆகிய நூலகங்கள் இரண்டையும் பயன்படுத்தினால் உள்ளே ஹார்ஃபஸ் வந்துவிடும். எழுத்துருவிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துத் தரும் ஃப்ரீடைப்பை வைத்து ஒவ்வொரு குறியாக வரைந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தத் தவறோடு தமிழ் பில்லை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அகலம். பழைய நிரலில் பொருளின் பெயரை 20 எழுத்துக்கு வெட்டி, மீதியை இடைவெளியால் நிரப்பி, அப்புறம் அளவு, விலை, தொகை என்று பத்தி பிரித்திருப்பீர்கள். "மிளகாய்த்தூள்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறிகள். யுடிஎஃப்-8-இல் 39 பைட்டுகள். விண்டோஸில் யுடிஎஃப்-16 சரத்தின் நீளம் 13 என்று வந்ததால் ஓரளவு ஒப்பேறியது. லினக்ஸில் சாதாரண சரத்தின் நீளத்தைக் கேட்டால் 39 வரும், பத்திகள் கலைந்துபோகும். 20 பைட்டில் வெட்டினால் ஒரு குறியின் நடுவிலேயே வெட்டி, சரத்தையே செல்லாததாக்கிவிடும். குறிகளை எண்ணி வெட்டினாலும் புள்ளி மட்டும் கழன்று "ள்" என்பது "ள" ஆகிவிடலாம். இடைவெளிகளால் நிரப்பும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் புள்ளிக் கணக்கில் ஓர் இடமும் அகலமும் வையுங்கள். பாங்கோவிடம் அந்த அகலத்தைச் சொன்னால் மடக்கியோ சுருக்கியோ தரும். தொகையை வலது ஓரத்திலிருந்து அளந்து வையுங்கள்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்), அதாவது ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளிகள். 80 மி.மீ. காகிதத்தில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., ஆக 576 புள்ளிகள். 58 மி.மீ. காகிதத்தில் 48 மி.மீ., 384 புள்ளிகள். இங்கேதான் எழுத்தின் அளவு சறுக்கும். ஜிடிஐ-யில் நீங்கள் பிரிண்டரின் டிபிஐ-யைக் கேட்டு எழுத்தின் உயரத்தைக் கணக்கிட்டிருப்பீர்கள்: 10 பாயிண்ட் என்றால் 28 புள்ளிகள். பாங்கோ தானாக 96 டிபிஐ என்று வைத்துக்கொள்ளும். அதே 10 பாயிண்ட் 13 புள்ளியாகச் சுருங்கி எறும்பெழுத்தாக வரும். எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்லாமல் நேரடியாகப் புள்ளியில் சொல்லும் வசதி பாங்கோவில் இருக்கிறது. தெர்மல் பில்லுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

கெய்ரோவில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்ற வடிவம் இருக்கிறது. நேராக அதில் வரைந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சாதாரண கணினிகளில் அந்த வடிவத்தின் முதல் புள்ளி பைட்டின் கடைசி பிட்டில் இருக்கும். பிரிண்டர் முதல் புள்ளியை முதல் பிட்டில் எதிர்பார்க்கும். எட்டு எட்டுப் புள்ளியாகத் திரும்பி நின்று எழுத்து சிதையும். எட்டு பிட் சாம்பல் வடிவத்தில் வரைந்து, பாதிக்கு மேல் கறுப்பாக இருப்பதை 1 என்று எடுத்து, நீங்களே பைட்டுகளாக அடுக்குங்கள். எழுத்தும் கூடுதல் தெளிவாக வரும். பழைய நிரலில் இருந்த பிட்மேப் அடுக்கும் பகுதியை அப்படியே எடுத்துவந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். விண்டோஸ் பிட்மேப்கள் வழக்கமாகக் கீழ் வரியிலிருந்து மேலே போகும். ஒற்றை பிட் பிட்மேப்பில் கறுப்பு பெரும்பாலும் 0. பிரிண்டருக்குக் கறுப்பு 1. கவனிக்காவிட்டால் பில் தலைகீழாகவோ முழுக் கறுப்பாகவோ வரும்.

படத்தை ஒரே துண்டாக அனுப்பாமல் சில டஜன் வரிகள் கொண்ட பட்டைகளாக அனுப்புங்கள். மலிவுப் பிரிண்டர்களின் நினைவகம் சிறியது. அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: 10 செ.மீ. பில் என்றால் 800 வரிகள், வரிக்கு 72 பைட், மொத்தம் 57,600 பைட்டுகள். யுஎஸ்பி-யிலும் நெட்வொர்க்கிலும் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எந்தக் கவுண்டரிலாவது பழைய சீரியல் கேபிள் 9600 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதே பில்லுக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்தக் கவுண்டரில் வேகத்தை 115200-க்கு ஏற்றுங்கள், இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. லதா, நிர்மலா இரண்டும் மைக்ரோசாஃப்டின் சொத்து, லினக்ஸ் கணினிகளுக்கு எடுத்துப் போகக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் இருக்கிறது. அதை நிரலோடு சேர்த்தே கொடுங்கள், கணினியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 203 டிபிஐ-யில் மெல்லிய கோடுகள் விட்டுப்போகும். சாதாரணத் தடிமனைவிட ஒரு படி கூடுதலான மீடியம் எடுத்தால் சுழிகள் தெளிவாக வரும். எழுத்துரு மாறினால் வரி உயரமும் மாறும், அதனால் வரிக்கு வரி இடைவெளியை எழுத்துருவிடம் கேட்காமல் நீங்களே நிர்ணயியுங்கள்.

தரவுத்தளத்தில் பெயர்கள் யூனிகோடில்தானா என்றும் பாருங்கள். பழைய கடை நிரல்களில் யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் குறியேற்றங்களிலோ பாமினி போன்ற எழுத்துருவுக்கென்றே தட்டியவையோ இன்னும் கிடக்கின்றன. அவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: "கோ" என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். யூனிகோடில் ககரமும் ஓகாரக் குறியும் மட்டும். வெறும் மாற்று அட்டவணை போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். இதை ஒருமுறை தரவுத்தளத்திலேயே மாற்றி முடித்துவிடுங்கள். அச்சிடும் நேரத்தில் மாற்றும் பழக்கம் வேண்டாம்.

ஏ4 இன்வாய்ஸ்

இது சுலபம். கெய்ரோவிலேயே பிடிஎஃப் ஆக வரைந்து கப்ஸிடம் கொடுத்தால் முடிந்தது. பக்கம் 595 × 842 பாயிண்ட். ஜிடிஐ-யில் பூஜ்ஜியப் புள்ளி அச்சாகும் பகுதியின் மூலை. பிடிஎஃப்-இல் அது காகிதத்தின் மூலை. அதை மறந்தால் எல்லாம் சில மி.மீ. மேலும் இடதுமாக நகர்ந்து வரும், முன்பே அச்சிட்ட லெட்டர்ஹெட்டில் அது அசிங்கமாகத் தெரியும். பழைய நிரல் அந்த விலக்கத்தைப் பிரிண்டரிடம் கேட்டுக் கழித்திருந்தால் அந்தக் கழித்தலை நீக்குங்கள். அனுப்பும்போது காகிதம் ஏ4 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் சில இடங்களில் அமெரிக்க லெட்டர் அளவு வந்து நிற்கும். அளவு மாற்ற வேண்டாம் என்பதற்கான விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அனுப்பும் பாதி

ஏ4-க்குக் கப்ஸ் தவிர வேறு யோசிக்க வேண்டாம். லிப்கப்ஸ் நூலகத்தில் பிரிண்டர்களைப் பட்டியலிடுவது, வேலையை உருவாக்குவது, தரவை எழுதுவது, முடிப்பது எல்லாம் இருக்கின்றன. மேக்கிலும் அதே நூலகம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கப்ஸில் பிரிண்டர் வரிசையின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. அமைப்புக் கோப்பில் விண்டோஸ் பிரிண்டர் பெயர் சேமிக்கப்பட்டிருந்தால் அதைத் தூக்கிவிட்டு, முதல் முறை திறக்கும்போது பயனரிடம் மறுபடி கேளுங்கள்.

தெர்மலுக்கு மூன்று வழி உண்டு. பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்தால் 9100 என்ற போர்ட்டுக்கு நேராக ஒரு டிசிபி இணைப்பு திறந்து பைட்டுகளை எழுதுவது. யுஎஸ்பி-யில் இருந்தால் டெவ் அடைவில் யுஎஸ்பி-க்குக் கீழே வரும் எல்பி0 சாதனக் கோப்பில் எழுதுவது. மூன்றாவது, கப்ஸில் பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கடத்தும் ரா வரிசை ஒன்று வைத்து அதன் வழியாக அனுப்புவது.

விண்டோஸில் ரைட்பிரிண்டர் அழைப்புக்கு மிக அருகில் வருவது மூன்றாவதுதான். தரவு வகை ரா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கப்ஸ் தானே வகையை ஊகித்து, எழுத்துக் கோப்பு என்று நினைத்து, வடிவம் மாற்றும் வடிகட்டிகளுக்குள் அனுப்பினால் கட்டளைகள் குப்பையாக அச்சாகும். ஆனால் ரா வரிசைகளைக் கைவிடப்போவதாக கப்ஸ் குழு ஏற்கெனவே அறிவித்துவிட்டது. கப்ஸ் 2-இல் ஓடும், 3-இல் இருக்காது. இப்போது புதிதாக எழுதும் நிரலை அதன் மேல் கட்டக் கூடாது என்பது என் கருத்து. கடைக்கு நெட்வொர்க் பிரிண்டர் வாங்கச் சொல்லி 9100 வழியைப் பிடியுங்கள். ஒரே பிரிண்டரை இரண்டு கவுண்டர் பகிர்ந்தால், பல மாடல்கள் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் ஏற்கும். பில் போனதும் இணைப்பை மூடுங்கள், கிடைக்காவிட்டால் சற்று நேரம் விட்டு மறுபடி முயலுங்கள்.

யுஎஸ்பி வழி என்றால் அனுமதி ஒரு தடையாக வரும். பயனரை எல்பி குழுவில் சேர்க்க வேண்டும். அதே பிரிண்டரைக் கப்ஸிலும் சேர்த்து வைக்காதீர்கள். கப்ஸ் அச்சிடும்போது கெர்னலின் யுஎஸ்பி பிரிண்டர் டிரைவரைக் கழற்றிவிட்டுத் தானே சாதனத்தைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் சாதனக் கோப்பு அந்த நேரம் காணாமல் போகும்.

டாட் மேட்ரிக்ஸில் சரக்குப் பட்டியலுக்கு எண்களும் ஆங்கிலக் குறியீடுகளும் போதும் என்றால் பிரிண்டரின் சொந்த எழுத்திலேயே விடுங்கள், அதன் வேகம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவு இரண்டு பைட்டு, லினக்ஸில் ஒன்று. ஒன்று மட்டும் போனால் தலை இடப்பக்கம் திரும்பாமல் வரிகள் படிக்கட்டு போல இறங்கும். இரண்டையும் நீங்களே எழுதுங்கள். 11 அங்குலத் தொடர் காகிதத்துக்கு 66 வரி என்ற கணக்கு மாறாது.

அச்சாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பழைய நிரல் அச்சு வரிசையை நடத்தும் ஸ்பூலரிடம் வேலை நிலையைக் கேட்டு "அச்சாகிவிட்டது" என்று பதிந்திருந்தால் அந்தப் பகுதியை நம்பி மாற்றாதீர்கள். கப்ஸில் வேலை முடிந்தது என்றால் பைட்டுகள் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தன என்றுதான் பொருள், காகிதம் தீர்ந்திருக்கலாம். 9100 வழியில் போனால் நீங்களே கேட்கலாம்: 16, 4 என்று தொடங்கும் நிலைக் கட்டளைக்குப் பிரிண்டர் ஒரு பைட்டில் பதில் தரும், அதில் மூடி திறந்திருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்று தெரியும். பில்லுக்கு முன்னால் ஒருமுறை, வெட்டிய பிறகு ஒருமுறை கேளுங்கள். விண்டோஸில் உங்களுக்குக் கிடைக்காத நம்பகம் இது, மாறும்போதே பெற்றுக்கொள்ளுங்கள். கப்ஸ் வழியாகவே போகிறீர்கள் என்றால் பிழை வந்தால் வரிசையையே நிறுத்திவிடும் கொள்கை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி முயலும் கொள்கைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் யாராவது பிரிண்டரை அணைத்துப் போட்ட பிறகு வரிசை நின்றே கிடக்கும், கடையில் யாருக்கும் காரணம் புரியாது.

சோதனை

காகிதத்தை வீணாக்கத் தேவையில்லை. விண்டோஸில் பிரிண்டரின் போர்ட்டைக் கோப்பு என்று மாற்றிப் பழைய நிரலின் பைட்டுகளைச் சேமியுங்கள். வெட்டும் கட்டளை, பெட்டிக் கட்டளை எந்த இடத்தில் எந்த எண்களோடு வருகின்றன என்று அதிலேயே தெரிந்துவிடும். லினக்ஸில் நெட்வொர்க்கில் வருவதைப் பிடித்துத் தரும் நெட்கேட்டை 9100-இல் கேட்க வைத்தால் உங்கள் புதிய நிரல் அனுப்புவது அப்படியே கோப்பாகக் கிடைக்கும். பக்கம் உருவாக்கும் பாதியை பிஎன்ஜி படமாக எழுத வைத்தால் நூறு பில்களைத் திரையிலேயே புரட்டிப் பார்க்கலாம். நீளமான பெயர், பூஜ்ஜிய விலை, தள்ளுபடி வரி, இரண்டு பக்கம் போகும் இன்வாய்ஸ் இவற்றை விடாமல் சேருங்கள். கப்ஸில் ஏதாவது புரியவில்லையென்றால் பிழைத்திருத்தப் பதிவை இயக்கி அதன் பிழைப் பதிவுக் கோப்பைப் படியுங்கள். எந்த வடிகட்டி என்ன செய்தது என்று அதில் வரிக்கு வரி இருக்கும்.

கடைசியாக, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினில் பழைய நிரலையே ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏ4 இன்வாய்ஸுக்கு அது போதும்; ஒயின் ஜிடிஐ வரைதலை, பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றிக் கப்ஸிடம் கொடுக்கும், பக்கம் சரியாகவே வரும். தெர்மலுக்கு அது உதவாது, ரா வரிசைக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் போனால் பிரிண்டர் அதன் மூல எழுத்துகளையே முழ முழமாக அடித்துத் தள்ளும். ஆகவே தெர்மல் பில் பகுதியை முதலில் மாற்றுங்கள். இன்வாய்ஸ் அதுவரை ஒயினில் ஓடட்டும்.